குறைந்தது மீத்தேனா, செரிமானமா?

கறவை மாட்டுத் தீவனத்தில் இலைப்பொடி, விதைச்சாறு, கடற்பாசி என்று எதையாவது சேர்த்துப் பார்த்துவிட்டு, "மீத்தேன் இத்தனை சதவீதம் குறைந்தது" என்று முடியும் ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். தேவையான ஆய்வுதான். மாடு தின்னும் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாக வீணாகிறது, பெரும்பாலும் ஏப்பத்தில். ஆனால் இவற்றில் பலவும் மீத்தேன் குறைந்ததைச் சொல்கின்றன, எதனால் குறைந்தது என்று கேட்பதில்லை. என் விமர்சனம் அதுதான்.

முதலில் ரூமென், அதாவது அசையூண் வயிறு, என்ன செய்கிறது என்று பார்ப்போம். வைக்கோலிலும் புல்லிலும் இருக்கும் நார்ச்சத்தை அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு ஆற்றல் பெரும்பாலும் இதிலிருந்துதான். பால் கொழுப்புக்கு அசிட்டிக் அமிலம் முக்கிய மூலப்பொருள். இந்த வேலையில் ஹைட்ரஜன் மிஞ்சும். ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் அதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மீத்தேன் ஆக்குகிறது.

ஆக, மீத்தேனைக் குறைக்க ரெண்டு வழி இருக்கு. ஒன்று, ஆர்க்கியாவை மட்டும் தடுப்பது. இன்னொன்று, செரிமானத்தையே மந்தப்படுத்துவது. ரெண்டாவது வழியிலும் மீத்தேன் வரைபடம் அழகாகக் கீழே இறங்கும். மாட்டுக்குத்தான் தின்றது உடம்பில் சேராது.

டானினை எடுத்துக்கொள்ளுங்கள். கருவேலங்காயில் நிறைய இருக்கும் துவர்ப்பு அதுதான். அளவாகக் கொடுத்தால் புரதத்தைப் பிடித்துக்கொண்டு ரூமெனைக் கடந்து, அமிலம் மிகுந்த நாலாவது வயிற்றில் விட்டுவிடும். மாட்டுக்கு லாபம். அளவு மிஞ்சினால் நார்ச்சத்து செரிக்காது. அப்போது குறையும் மீத்தேனைச் சாதனை என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது சோதனை முறை. ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மென்கேயும் சக ஆய்வாளர்களும் 1979இல் வெளியிட்ட வாயு அளவீட்டு முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. கண்ணாடி ஊசிக்குழலில் சுமார் 200 மில்லிகிராம் தீவனம், கொஞ்சம் ரூமென் திரவம், 24 மணி நேரம். எந்தத் தீவனம் எப்படி நொதிக்கும் என்று ஒப்பிட அருமையான முறை, செலவும் குறைவு. ஆனா ஊசிக்குழல் "கசக்குது, வேண்டாம்"னு தீவனத்தை ஒதுக்காது. பாலும் கறக்காது. பத்து நாளில் பழகிக்கொள்ளவும் செய்யாது.

பழகுவது சின்ன விஷயமில்லை. சப்போனின் உள்ள தாவரங்கள் ரூமெனில் புரோட்டோசோவாக்களைக் கொல்லும். அவற்றை ஒட்டி வாழும் ஆர்க்கியாவும் குறையும். ஆனால் ரூமென் பாக்டீரியாக்கள் சப்போனினை உடைக்கப் பழகிவிட்டால், சில வாரங்களிலேயே பலன் மங்கிவிடுவதுண்டு. 24 மணி நேரச் சோதனையில் இது எப்படித் தெரியும்?

இதற்கு மாறாக நான் மதிக்கும் ஒரு ஆய்வும் உண்டு. அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசியை 12 ஹோல்ஸ்டீன் கறவை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கலிஃபோர்னியாவில் ரோக் குழுவினர் 2019இல் வெளியிட்டது. கூடுதல் அளவு கொடுத்தபோது மீத்தேன் 67 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் தீவனம் உண்பதும் 38 சதவீதம் குறைந்தது, பால் 11.6 சதவீதம் இறங்கியது என்றும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். உண்ட ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கிட்டால் மீத்தேன் குறைவு சுமார் 43 சதவீதம்தான். அதுவும் பெரிய எண்தான், ஆனால் 67 இல்லை. 67ஐ மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துப் பேசினால், மாடு பாதி வயிறாக நின்றது மறைந்துபோகும்.

இது வெறும் ஆய்வகச் சண்டை இல்லை. நம்மூரில் சொசைட்டியில் பாலுக்கு விலை கொழுப்பையும் இதர திடப்பொருளையும் வைத்துத்தான். நார்ச்சத்து செரிமானம் கெட்டால் அடி விழுவது மாடு வைத்திருப்பவர் கையில். ரெண்டு மாடு வைத்திருப்பவரால் அதைத் தாங்க முடியாது.

அதனால் இனி யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால் நாலு கேள்வி கேளுங்கள். கண்ணாடியிலா, மாட்டிலா? எத்தனை நாள்? மாடு எவ்வளவு தின்றது? பாலும் கொழுப்பும் என்ன ஆச்சு? பதில் இல்லாத கட்டுரை அடுத்த சோதனைக்கு ஒரு நல்ல யோசனை, அவ்வளவுதான். அதை நம்பித் தீவனம் மாற்ற வேண்டாம்.