பேணலும் புதுப்பித்தலும்: அருங்காட்சியகப் பொருட்காப்பு குறித்த ஒரு திறனாய்வு

அருங்காட்சியகப் பொருள்களைக் காப்பது குறித்துத் தமிழில் எழுதப்படுவனவற்றில் ‘பாதுகாப்பு’ என்னும் ஒரு சொல்லே பல வேறு செயல்களைச் சுமந்து நிற்கின்றது. களவு போகாமல் காவலிடுவதும் பாதுகாப்பு. ஈரமும் ஒளியும் பூச்சியும் அணுகாதவாறு சூழலைச் சீராக வைப்பதும் பாதுகாப்பு. தொடங்கிவிட்ட சிதைவு மேலும் பரவாமல் பொருளை நிலைப்படுத்துவதும் பாதுகாப்பு. உடைந்ததை ஒட்டி, மங்கியதைத் துலக்கி, இழந்ததை ஈடுசெய்து பண்டைத் தோற்றத்தைக் கொண்டுவர முயல்வதும் பாதுகாப்பே. முதலிரண்டும் பொருளைத் தொடுவதில்லை. மூன்றாவது தேவையளவு தொடுகின்றது. நான்காவதோ பொருளையே மாற்றிவிடுகின்றது. இவற்றை ஒரு சொல்லால் குறிப்பது மொழிநடைக் குறை மட்டுமன்று. செய்யப்பட்ட செயல் யாது என்று கேட்கும் வாய்ப்பையே அது அடைத்துவிடுகின்றது. சொற்பஞ்சத்தால் இது நேர்ந்தது என்றும் கூறவியலாது. காத்தல், ஓம்புதல், பேணுதல், செப்பனிடுதல், புதுக்குதல் என வேறுபட்ட பொருள் நுட்பங்களையுடைய சொற்கள் தமிழில் முன்பே உள்ளன.

இக்குழப்பத்திற்கு ஒரு பண்பாட்டுப் பின்னணி உண்டு. கோயில் மரபில் பழையதைக் காத்தல் என்பது பெரும்பாலும் புதுக்குதலே ஆகும். பாலாலயம் அமைத்து, சிதைந்த பகுதியை அகற்றி, திருப்பணி முடித்துக் குடமுழுக்குச் செய்வது அம்மரபு. பின்னமுற்ற திருமேனி வழிபாட்டுக்கு உரியதன்று என்பதால் அதைச் சீர்செய்வதோ மாற்றுவதோ நெறியாகின்றது. வழிபாட்டின் தொடர்ச்சியே அங்கு முதன்மை என்பதால் இதில் முரண் ஏதும் இல்லை. ஆனால் அத்திருமேனி புதையலாகக் கிடைத்து அருங்காட்சியகத்திற்கு வந்து சேரும்போது நிலை தலைகீழாகின்றது. தேய்மானம், வெட்டு, மண்ணின் எச்சம் ஆகிய அனைத்தும் அங்குச் சான்றுகளாகின்றன. திருப்பணி மனப்பான்மையுடன் அவற்றைத் துலக்கினால் சான்றுகள் போய்விடும். மணல்வீச்சு முறையால் கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுகள் தேய்ந்தமை குறித்து ஆய்வாளர் எழுப்பிய கண்டனமும் இவ்விரு நோக்குகளின் மோதலே எனலாம்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1930-இல் அங்கு வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்தது, சா.பரமசிவன் அதன் முன்னோடி. நெடுங்காலம் மண்ணுள் கிடந்த செப்புப் பொருள்களில் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். வெளியே எடுத்தபின் காற்றின் ஈரமும் உயிர்வளியும் சேர, அவ்வுப்பு வெளிர்பச்சைத் தூளாகப் பூக்கின்றது. அவ்வினையில் தோன்றும் அமிலம் எஞ்சிய உலோகத்தை மீண்டும் அரிக்கின்றது. வெண்கல நோய் என்று வழங்கப்பெறும் இவ்வரிப்பை அடக்கக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 42 விழுக்காட்டுக்குக் கீழ் இருத்தல் வேண்டும். கடலோரச் சென்னையில் இயல்பான காற்று அந்நிலையை எட்டுவதில்லை. இந்நிலையில் பரமசிவன் மேற்கொண்டது மின்பகுப்பு முறை. திருமேனியை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் எதிர்மின்வாயாகவும் இரும்புத் தகட்டை நேர்மின்வாயாகவும் அமைத்து மின்னோட்டம் செலுத்தினால் குளோரைடு பொருளை விட்டு வெளியேறும்; களிம்பும் தளர்ந்து, தூரிகையால் துலக்கத்தக்க நிலையை அடையும். அக்காலத்தில் இதனினும் உறுதியான வழி இருந்ததாகக் கூறுவதற்கில்லை. இம்முறை இல்லையேல் பல திருமேனிகள் தூளாகியிருக்கும் என்பதையும் ஏற்றல் வேண்டும்.

எனினும் களிம்பு வெறும் அழுக்கன்று என்பது பின்னரே பரவலாக உணரப்பட்டது. மிகுதியாக அரிக்கப்பட்ட உலோகத்தில் சிற்பியின் உளி பட்ட பண்டைப் பரப்பு, எஞ்சிய உலோகத்தின் மேல் அன்றிக் களிம்பின் அடுக்குக்குள்ளேயே தங்கியிருப்பதுண்டு. களிம்பு முற்றும் நீங்கினால் அப்பரப்பும் நீங்கும்; துணியின் பதிவு, புதைந்த மண்ணின் தடம் போன்றவையும் உடன் அழியும். எஞ்சுவது பளபளக்கும் செம்பு. அது பார்வைக்கு இனியது, வழிபாட்டுத் திருமேனியை நினைவூட்டுவது. காண்போர் அதனையே விரும்புவர் என்பதும் மறுக்கவியலாதது. சோடியம் செஸ்குவிகார்பனேட்டுக் கரைசலில் பல வாரம் ஊறவைத்தல், 1960-களின் பிற்பகுதியிலிருந்து பென்சோட்ரையசோல் பூசுதல் ஆகிய மென்முறைகள் வழக்கிற்கு வந்தமைக்கு இவ்வுணர்வும் ஒரு காரணம். முன்பு துலக்கப்பட்டவற்றின் களிம்பை மீட்க எம்முறையாலும் இயலாது.

அசந்தா ஓவியங்களுக்கு நேர்ந்ததும் இவ்வகைப்பட்டதே. ஐதராபாத் நிசாம் அரசின் அழைப்பில் 1920-களின் தொடக்கத்தில் வந்த இத்தாலிய வல்லுநர் செக்கோனியும் ஓர்சினியும் உதிரும் சுதையைப் பற்றவைத்தனர், அது நற்பணி. உடன் அவர்கள் பூசிய அவலரக்கு, காலப்போக்கில் மஞ்சளித்துக் கறுத்து ஓவியத்தின் வண்ணங்களை மறைத்தது. சுருங்கியபோது வண்ணச் செதில்களையும் சேர்த்து இழுத்தது. பின்வந்த தொல்லியல் துறை வேதியியலாளரின் உழைப்பில் பெரும்பகுதி மூல ஓவியத்தைப் பேணுவதில் அன்றி, முன்னோர் பூசியதை அகற்றுவதிலேயே செலவாயிற்று.

அமராவதிச் சிற்பங்களின் நிலை இவற்றினும் சிக்கலானது. சென்னைக்குக் கொணரப்பட்ட சுண்ணக்கல் பலகைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்சிக்கூடச் சுவர்களில் சிமெண்டுச் சாந்தால் பதிக்கப்பட்டன. விழாமலும் களவு போகாமலும் இருக்க அதுவே நன்று எனக் கருதப்பட்டிருக்கலாம். ஆனால் சுவரின் ஈரமும் சாந்தின் உப்பும் கல்லுக்குள் ஏறும். உப்பு படிகமாகும்போது கல்லின் பரப்பு பொரிந்து உதிரும். பேர்த்தெடுக்க முயன்றாலோ கல் உடையக்கூடும். இதற்கும் மேலாக, பலகையின் பின்புறம் கண்ணுக்கு மறைந்தது. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள அமராவதிப் பலகை ஒன்றில் ஒருபுறம் கி.மு. முதல் நூற்றாண்டளவில் செதுக்கப்பட்ட போதிமர வழிபாடும், மறுபுறம் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட தூபமும் உள்ளன. அமராவதியில் பழைய கற்களைத் திருப்பி மீண்டும் செதுக்கினர் என்னும் வரலாறு அப்பின்புறத்தால் விளங்குகின்றது. சுவரில் பதிந்த பலகைகளை அவ்வாறு ஆராய வழியில்லை. காவலுக்காகச் செய்தது ஆய்வைத் தடுத்தது.

பொருட்காப்பாளர் இதற்கான நெறியை மேலைநாட்டு ஆவணங்களில் மட்டும் தேட வேண்டியதில்லை. ஈடுசெய்த பகுதி முழுமையோடு இயைந்தும் மூலத்தினின்று வேறாக அறியத்தக்கதாயும் இருத்தல் வேண்டும் என 1964-ஆம் ஆண்டின் வெனிசு சாசனம் கூறியது. தமிழ்ப் பதிப்பாசிரியர் அதற்கு முன்பே இந்நெறியைக் கைக்கொண்டிருந்தனர். 1894-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்களுக்குரிய இடம் வெறுமையாகவே நிற்கின்றது. வரிசை எண்ணை ஒட்டவைத்து இழப்பை மறைக்கும் முயற்சி அங்கு இல்லை. சிதைந்த அடிகள் புள்ளிகளால் காட்டப்பட்டன. ஊகம் ஊகமாகவே குறிக்கப்பட்டது. யாப்பறிந்த ஒருவர் அவ்விடங்களைப் புனைந்து நிரப்பியிருக்க இயலும். அவ்வாறு நிரப்பியிருந்தால் நூல் முழுமையானதாகத் தோன்றியிருக்கும். சங்கச் செய்யுளாக இருந்திராது. ஏட்டுச்சுவடிக்கு ஏற்புடைய இவ்வொழுக்கம் செம்புக்கும் கல்லுக்கும் ஏற்புடையதன்று எனக் கொள்ளக் காரணமில்லை.

இங்குப் பதிப்புக்கும் அருங்காட்சியகத்திற்கும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. பதிப்பாசிரியர் தவறினாலும் ஏடு எஞ்சினால் மற்றொருவர் அதனைத் திருத்தலாம். திருமேனியோ தானே ஏடும் பதிப்புமாக நிற்பது. அதில் நேரும் திருத்தம் மூலத்தின்மேலேயே எழுதப்படுகின்றது. ஆகவே மேற்கொண்ட முறையைப் பதிவுசெய்தல் இங்கு இன்னும் இன்றியமையாதது. ஆய்வுக்கூட ஏடுகளில் அப்பதிவு இருக்கக்கூடும். காட்சிக்கூடத்தின் விளக்க அட்டைகளிலோ பெயர், காலம், கிடைத்த இடம் ஆகியவை மட்டுமே பெரும்பாலும் காணப்படுகின்றன.

கலைச்சொல் தொகுப்போர் காவல், பேணல், நிலைப்படுத்தல், மீட்டமைப்பு என்னும் நான்கையும் பிரித்து வரையறுத்து, அவற்றை விளக்க அட்டைகளிலும் பட்டியல்களிலும் வழங்கச் செய்தால் இந்நிலை ஓரளவு மாறும். மின்பகுப்புக்கு உட்பட்ட ஒரு திருமேனியின் அட்டையில் அம்முறையும் ஆண்டும் இடம்பெறுமாயின், அதன் பரப்பில் களிம்பின்மை கண்டு வியக்கும் ஆய்வு மாணவர் அதனை வார்ப்பின் இயல்பாகக் கொண்டு உலோகக் கலவை பற்றிய முடிவுக்குச் செல்ல நேராது.