கணக்கிடும் முன் சாய்வைப் பாருங்கள்

இரண்டு நேர்கோடுகள் வெட்டும் புள்ளியைக் காணத் தமிழ்நாட்டின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வரைபட முறை, பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை என நான்கு வழிகளைக் கற்பிக்கிறது. இவற்றுள் பின் மூன்றும் படமே வரையாமல் விடை தருபவை. தேர்வில் கைகொடுப்பவையும் பெரும்பாலும் அவையே.

அவற்றின் வலிமை துல்லியம். 3எக்ஸ் + 2ஒய் = 8, 5எக்ஸ் − ஒய் = 3 என்ற கோடுகளை வரைபடத்தாளில் வரைந்தால், வெட்டும் புள்ளியை ஏறத்தாழ (1.1, 2.4) என்றுதான் படிக்க முடியும். நீக்கல் முறையோ (14/13, 31/13) என்று அறுதியிட்டுச் சொல்லிவிடும். 1637இல் கணிதவியலாளர் டேக்கார்ட் வடிவியலை இயற்கணிதத்தோடு இணைத்ததன் பயன் இங்கே கண்கூடு.

ஆனால், படத்தை மறந்த கணக்கு இரண்டு இடங்களில் தடுமாற வைக்கிறது. முதலாவது, இணைகோடுகள். 2எக்ஸ் + 4ஒய் = 7, எக்ஸ் + 2ஒய் = 5 ஆகியவற்றில் எக்ஸை நீக்கினால் ஒய்யும் சேர்ந்து மறைந்து, 0 = −3 என்று வந்து நிற்கும். எங்கோ பிழை செய்துவிட்டோம் என்று மாணவர் அடித்துவிட்டு மீண்டும் தொடங்குவார். இரண்டின் சாய்வும் −1/2 என்று முதலிலேயே கண்டிருந்தால், வெட்டும் புள்ளியே இல்லை என்பது ஒரு வரியில் முடிந்திருக்கும்.

இரண்டாவது, ஏறக்குறைய இணையான கோடுகள். இதுதான் பெரிய ஆபத்து. எக்ஸ் + ஒய் = 2, எக்ஸ் + 1.01ஒய் = 2.01 ஆகியவை (1, 1) இல் வெட்டும். 2.01ஐ 2.02 ஆக்கினால் புள்ளி (0, 2) க்குத் தாவிவிடும். அளவீட்டில் நேரும் சிறு பிழைகூட விடையையே புரட்டிப்போடும். விடையைச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்ப்பதும் இங்கே முழுமையாக உதவாது: தவறான (0, 2) ஐப் பழைய சமன்பாட்டில் இட்டாலும் 2.01க்குப் பதில் 2.02தான் வரும், சிறு வேறுபாடுதானே என்று விட்டுவிடத் தோன்றும்.

இதற்கான எச்சரிக்கை குறுக்குப் பெருக்கல் முறைக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ், ஒய் கெழுக்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்தால் வரும் எண்தான் விடைப் பின்னங்களின் பகுதி. அது பூச்சியமானால் கோடுகள் இணையானவை, அல்லது ஒன்றன்மேல் ஒன்று பொருந்துபவை. கெழுக்களை நோக்க அது மிகச் சிறியதானால் விடையை நம்பத் தயங்க வேண்டும். மேலே கண்ட கோடுகளுக்கு அது வெறும் 0.01.

ஆகவே இயற்கணித முறையைக் கைவிட வேண்டியதில்லை. அதன் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். முதலில் சாய்வு, பிறகு ஒரு கைப்படம், அதன் பின்னரே கணக்கு. ஆசிரியர்கள் இந்த முதல் இரண்டு படிகளுக்கும் மதிப்பெண் கொடுக்கட்டும். மாணவர்கள் தாமாகவே கோடுகளைப் பார்க்கத் தொடங்குவார்கள்.