சத்தமில்லாத கார்டு எது?

ராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் பழைய கம்ப்யூட்டரின் ‘கொய்ங்’ காதைத் துளைக்கும். பக்க மூடியைக் கழற்றி, கிராபிக்ஸ் கார்டு ஃபேனின் நடுவில் விரலை மெல்ல வைத்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் குற்றவாளி அதுதான். பத்து வருடத் தூசியில் அதன் பேரிங் தேய்ந்திருக்கும்.

ஃபேனே இல்லாத கார்டு வாங்கினால் தொல்லை விட்டது என்று தோன்றும். அந்த வகையில் முதலில் கண்ணில் படுவது என்விடியாவின் ஜிடி 1030. 2017-இல் வந்தது, 30 வாட்தான் இழுக்கும். வெறும் அலுமினியத் தகடுகளை நம்பி ஏசுஸும் பாலிட்டும் இதைச் செய்தன. யூடியூபின் விபி9 வீடியோவையும் கார்டே பிரித்துவிடும்.

ஆனால் பெட்டியைத் திருப்பி, மெமரி வகையைப் படிக்காமல் காசு கொடுக்கக் கூடாது. ஜிடிடிஆர்5 மாடலில் நொடிக்கு 48 ஜிபி பாயும். அதே பெயரில் விற்ற டிடிஆர்4 மாடலில் 16.8 மட்டுமே. பெயரை மாற்றாமல் சரக்கை மாற்றுவதை என்னவென்று சொல்ல!

லினக்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிடி 1030 சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியாவின் 580 டிரைவர் வரிசையே கடைசி. திறந்த மூல நூவோ டிரைவருக்குப் போனால், அது இந்தக் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியாமல் ஆமையாக ஓட்டும்.

ஏஎம்டி கார்டுகளில் இந்தக் கவலை இல்லை. டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ரேடியான் ஆர்எக்ஸ் 550-க்கு 50 வாட் போதும், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குறை என்னவென்றால் விபி9 வீடியோவை இது பிரிக்காது. வேலை சிபியு தலையில் விழும், சிபியு ஃபேன் அலற ஆரம்பிக்கும். ஒரு சத்தத்தை விரட்டி இன்னொன்றைக் கூப்பிட்ட கதைதான்.

2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6400 அந்தக் குறையைத் தீர்க்கிறது. 53 வாட், 4 ஜிபி மெமரி, தனி பவர் ஒயர் தேவையில்லை. ஃபேன் உண்டுதான், ஆனால் பிரவுசரும் எழுத்து வேலையும் அதைப் பெரிதாகச் சூடாக்குவதில்லை. நான்கே பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்களில் ஓடுவதால் பழைய போர்டில் கேம் வேகம் குறையும். லினக்ஸ் வகையான டெபியன் 11-இன் 5.10 கெர்னலுக்கு இந்தக் கார்டைத் தெரியாது. டெபியன் 12-இன் 6.1-க்குத் தெரியும்.

இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் வசதி இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். பழைய போர்டுகளில் அது கிடையாது, விட்டுவிடலாம்.

கேம் ஆடாதவர், லினக்ஸை அவ்வப்போது புதுப்பிப்பவர் என்றால் ஆர்எக்ஸ் 6400-ஐயே வாங்கலாம். அதற்கு முன் ஒன்று: ஐ5-3470 போன்ற சிபியுவில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதுவே போதுமென்றால் செலவு பூஜ்யம்.