யாரப் பாத்துக் கத்துக்கிட்ட?

பிரான்சில் ஆர்சி-சுர்-கியூர் என்ற ஊரில் ஒரு குகை. 1949 முதல் 1963 வரை ஆந்த்ரே லெருவா-குரான் தலைமையில் தோண்டினார்கள். அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரின் பற்கள் கிடந்த மண்ணடுக்கிலேயே துளையிட்ட விலங்குப் பற்களும் தந்த வளையங்களும் கிடைத்தன. நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. நம் இனமான நவீன மனிதர் ஐரோப்பாவுக்குள் வந்துகொண்டிருந்த காலம். அந்த அணிகலன்களைச் செய்தது யார்?

வந்தவர்களைப் பார்த்து நியாண்டர்தால் 'காப்பி' அடித்தான் என்றது ஒரு தரப்பு. மண் கலைந்து மேலடுக்குப் பொருள் கீழே இறங்கிவிட்டது என்றது இன்னொரு தரப்பு. 2016இல் அதே அடுக்கின் எலும்புத் துணுக்குகளைப் புரதச் சோதனை செய்து, அவை நியாண்டர்தாலுடையவை என்று காட்டினார்கள். அதன் பிறகும் 'பார்த்துச் செய்தவன்' என்ற பேச்சு முற்றாக ஓயவில்லை.

நான் தமிழ் படித்தவன். உரைகாரனின் சாதி உரைக்குள் எப்படி ஏறி உட்காரும் என்று தெரியும். அடுக்கு கலைந்ததா என்று கேட்பது அறிவியல்தான், கேட்கத்தான் வேண்டும். ஆனால் நகை கிடைத்தால் உரக்க எழும் கேள்வி, கழித்துப்போட்ட கற்சில்லு கிடைத்தால் ஏன் அவ்வளவு உரக்க எழுவதில்லை?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் நம் சனங்களுக்கு இந்த வாசிப்பு புதுசில்லை. கவாத்து நல்லா அமைஞ்சா, 'யாரப் பாத்துக் கத்துக்கிட்ட?' பந்தல் காய்க்காமப் போனா, 'ஒங்க புத்தி அம்புட்டுத்தான்.' திறமை இரவல். குறை மட்டும் பிறவிச் சொத்து.

எலும்பே கிடைக்காத இடத்தில் வேறு கூத்து. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தின் இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டு பழமையானவை என்று சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2018இல் அறிவித்தார்கள். செய்தது எந்த மனித இனம் என்று அந்தக் கல் சொல்லாது. சாதிச் சங்க மேடையோ, 'ஆதிக்குடி நாங்கதான்' என்கிறது. போட்டிக்கு நாமும் அப்படிக் கிளம்ப வேண்டியதில்லை. முந்தி வந்ததா மனிதனுக்கு மரியாதை?

2010இல் நியாண்டர்தால் மரபணுவைப் படித்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்கள் எல்லோரிடமும் அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு உண்டு. அக்கிரகாரத்திலும் உண்டு, சேரியிலும் உண்டு. ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு கூட்டமும் கூடிப் பிள்ளை பெற்றிருக்கின்றன. கலப்பு மணம் என்றால் அரிவாள் தூக்குகிறவனே, தூக்கும் அந்தக் கையிலும் ஓடுவது கலப்பு ரத்தம்தான்.