இரண்டாம் ஆண்டுப் பையன்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் கல்லூரிகள் திறந்து, சிமெண்டுத் தரையில் கூடைப்பந்தின் சத்தம் மாலைதோறும் மறுபடி கேட்கத் தொடங்கியதும், இவ்வருஷம் எந்தப் பையன் மேலுக்கு வருவான் என்று விசாரிப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் பெரும்பாலும் ருசிப்பதில்லை. சென்ற வருஷம் அதிகப் புள்ளி எடுத்தவனையும், எல்லாரையும்விட நெட்டையானவனையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் காலெடுத்து வைப்பவனைப் பாருங்கள் என்பேன்.

அதற்கு இப்பிரதேசத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. மதிப்பெண்ணை முன்னிட்டுத் தமிழகத்தின் பல திக்குகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில், கடைசி இரண்டு வகுப்புகள் பலருக்கு விளையாட்டைப் பொறுத்தவரை உபவாச காலம். ஒன்பதாவதில் குறுவட்டம், மாவட்டம் என்று ஆடிய பையன், எலும்பு நீண்டு தோள் விரியும் அப்பருவத்தில் பந்தைத் தொடாமலே இருந்துவிட்டு, புதிய உயரத்தோடும் பழைய கால்வரிசையோடும் கல்லூரிக்குள் நுழைகிறான். அந்த உடம்போடு சமாதானமாவதற்கே அவனுக்கு ஒரு வருஷம் பிடிக்கிறது. அவ்வருஷத்துக் கணக்கைக் கொண்டு அவனுக்கு ஜாதகம் எழுதுவது, மரவள்ளித் தழையைப் பார்த்துக் கிழங்கின் எடையைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

உடம்பு பழகினால் மட்டும் போதாது, ஆட இடமும் கிடைக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிஷம், களத்தில் ஐவர். ஆக ஓர் அணி பங்கிட்டுக்கொள்ள இருப்பது 200 நிமிஷந்தான். பட்டம் பெற்று வெளியேறிய அண்ணன்மார் விட்டுப்போன நிமிஷங்கள் யாருக்குப் போய்ச் சேரும் என்று கேட்டுவிட்டால், பாதி ஜோசியம் முடிந்துவிடுகிறது.

உயரத்தை நம்பி ஏமாறுவது நம் பழைய வியாதி. ஏழடிக்கு மேல் வளர்ந்த பஞ்சாபின் சத்னாம் சிங்கை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வின் 2015-ம் ஆண்டு ஆள் தேர்வில் டல்லாஸ் அணி 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தும், அதன் பந்தயம் ஒன்றில்கூட அவர் களமிறங்க நேரவில்லை. உயரத்தைவிட நான் நம்புவது ஃப்ரீ த்ரோவை. தடுப்பார் யாருமின்றிக் கோட்டில் நின்று எறியும் அந்த எறிவில் கையின் யோக்கியதை அப்பட்டமாகத் தெரிந்துவிடும்; 6.75 மீட்டருக்கு அப்பாலிருந்து மூன்று புள்ளி எறிவதில் ஒருவன் நாளை தேறுவானா என்பதை, அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடைபோடுகிறவர்களும் இதைக் கொண்டே ஊகிக்கிறார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் எஞ்சி நிற்பது, கற்றதை அழித்துத் திருத்திக்கொள்ளும் துணிவு. வேறு ஆட்டமாயினும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது: சேலம் ஜில்லாவின் சின்னப்பம்பட்டிக் கிரிக்கெட் வீரர் நடராஜன், 2015-ல் ரஞ்சிப் போட்டிக்கு வந்த கையோடு தம் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளாகியும், அதைச் சீர்செய்துகொண்டு, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஆகையால் இந்தப் பருவத்தில் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் அரைமணி முன்னதாகவே போய், வலக்கைப் பழக்கமுள்ள அந்த இரண்டாம் ஆண்டுப் பையன் இடப்பக்கம் ஓடி, இடக்கையால் லே-அப் போடுகிறானா என்று பார்க்கட்டும். நான்கு தவறவிட்டாலும் ஐந்தாவதையும் இடக்கையாலேயே போடுகிறவன் பெயரை நான் குறித்துக்கொள்வேன்.