ஒரே தட்டு, ஏழெட்டுக் கை

செனகல் கிராமத்து வீடொன்றில் சில வாரம் தங்கப் போகிறீர்களா? பிரெஞ்சு படிக்க ஒதுக்கிய நேரத்தில் பாதியை வொலோஃப் மொழியில் நலம் விசாரிக்கப் பழகுவதற்குக் கொடுங்கள். தலைநகர் தக்காரைத் தாண்டி நிலக்கடலை விளையும் சீமைக்குள் நுழைந்துவிட்டால் எந்தப் பேச்சும் அதில்தான் தொடங்கும். சலாம் சொன்னதும் நலமா, வீட்டில் எல்லாரும் நலமா, வேலை எப்படி, வெயில் எப்படி என்று வரிசையாகக் கேட்பார்கள். விவரம் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை. அவசரமில்லாமல் மாறி மாறி விழும் அந்தத் தாளம்தான் ரசிக்க வேண்டியது.

விடியலில் உலக்கைச் சத்தம் எழுப்பிவிடும். உரலில் இருப்பது நமக்குத் தெரிந்த கம்பேதான். இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி இடிப்பார்கள். கை தேர்ந்தவர்கள் உலக்கையை மேலே விட்டு, அது இறங்குவதற்குள் ஒரு கைதட்டும் தட்டிவிடுவார்கள். நீங்களும் ஒரு கை கொடுத்துப் பாருங்கள். கொப்புளம் வரும்; அதைவிடச் சீக்கிரம் சிரிப்பு வரும், சுற்றி நிற்பவர்களுக்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் எந்த வேலை இருந்தாலும் வந்துவிடுங்கள். செபுஜென் என்ற மீன்சோற்றை 2021இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் குருணை அரிசி. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இந்தோசீனாவிலிருந்து வந்து இறங்கிய குருணையில் பழகிய நாக்கு, முழு அரிசி கிடைத்தபிறகும் அதையே கேட்கிறது. மீனும் காய்களும் வெந்த சாற்றிலேயே சோறும் வேகும். அதனால் சைவக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. மீனை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது.

பாய் விரித்து நடுவில் ஒரு அகன்ற தட்டு. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். வலக்கையால் உங்களுக்கு நேரே இருக்கும் பங்கை மட்டும் எடுங்கள்; நடுவில் இருக்கும் மீனுக்குக் கை நீட்டக் கூடாது. வீட்டம்மாவின் விரல்களைக் கவனியுங்கள். மீனை முள் நீக்கிப் பிய்த்து, ஒரு துண்டு கேரட், ஒரு துண்டு மரவள்ளி என்று ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிக்கொண்டே இருப்பார். யாருக்கு எது பிடிக்கும், எந்தப் பிள்ளை காலையில் அழுதது என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரியும். விருந்தாளிக்கு ஸ்பூன் வரும். வேண்டாம் என்றால் மகிழ்வார்கள்; நம் ஊர்க்காரருக்கு இதில் பயிற்சி தேவையில்லை. சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி வைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது வேப்ப மர நிழல், கரியடுப்பு, அத்தாயா. சீனத்துப் பச்சைத் தேயிலையைக் கொதிக்க வைத்து, சின்னக் கண்ணாடிக் குவளைகளுக்கு இடையே உயரத் தூக்கி ஆற்றி, நுரை கட்டிக் கொடுப்பார்கள். மூன்று சுற்று. முதலாவது கசக்கும், போகப் போக இனிப்பு ஏறும். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். முதல் சுற்றோடு எழுந்து போனால் தேநீர் குடித்தவர் ஆவீர்கள், அவ்வளவுதான். பேச விஷயம் இல்லையே என்று தவிக்க வேண்டாம். இந்திப் படங்களுக்கு அங்கே பழைய ரசிகர்கள் உண்டு. புதுச்சேரி நீலத்துணி 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் கோந்து வியாபாரத்துக்குப் பணம்போலப் புழங்கிய கதையையும் எடுத்து விடலாம்.

தனிமைக்குத்தான் பஞ்சம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தால், உடம்பு சரியில்லையோ, கோபமோ என்று கதவைத் தட்டுவார்கள். புத்தகத்தை முற்றத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். நாலு பக்கம்கூட நகராது, போகட்டும்.

உங்களுக்கு அந்த வீட்டுக் குடும்பப் பெயரே வைக்கப்படலாம். ன்ஜாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து ஜோப் குடும்பத்தார் எவரும் வழியில் மறித்து, “சோற்றுப் பானையைக் காலி செய்தவன் நீதானே!” என்பார்கள். முறைமாமன் கேலி மாதிரிதான், கோபித்துக்கொள்ளவே கூடாது. “உங்கள் வீட்டில் மிச்சம் வைத்தால்தானே!” என்று திருப்பிக் கொடுங்கள். விருந்தாளியை யாரும் இப்படிச் சீண்டுவதில்லை. கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி வா என்று அனுப்புவதும் அப்படித்தான். பணிவாக நன்றி சொல்லிக்கொண்டே இருக்கும் வரை நீங்கள் வாசலில்தான் நிற்கிறீர்கள்.

கிளம்பும் நாளில் அவர்கள் இடக்கையை நீட்டினால் திகைக்க வேண்டாம். வேளை பார்த்துச் செய்யும் தவறு அது. திரும்பி வந்து வலக்கையால் அதைச் சரிசெய்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. நீங்களும் இடக்கையையே கொடுங்கள்.