நீலம் சொல்லும் வம்சாவளி

கருவில் ஒரு செல் எங்கே பிறந்தது, எங்கே போய்க் குடியேறியது? இதற்கு மரபணு மாற்றிய சுண்டெலி தரும் விடை அபாரமான அழகு.

பாக்டீரியாவைத் தாக்கும் பி1 வைரஸிலிருந்து எடுத்த ‘க்ரீ’ என்ற நொதிதான் கருவி. டிஎன்ஏவில் 34 எழுத்து நீளமுள்ள இரண்டு ‘லாக்ஸ்பி’ குறிகளுக்கு நடுவே இருப்பதை அது வெட்டி நீக்கும். பிலிப் சொரியானோ 1999இல் வெளியிட்ட எலி வகையில் அந்த நடுத்துண்டு ஒரு தடுப்பு. அது போய்விட்டால், சாயமிடும்போது செல் நீலமாகும். வெட்டு டிஎன்ஏவிலேயே விழுவதால் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று வழிவந்த செல்கள் அனைத்தும் அந்த அடையாளத்தைச் சுமக்கும். ஊசிவழி செலுத்தும் சாயம் ஒவ்வொரு செல் பிரிவிலும் நீர்த்துப்போகும். இது நீர்ப்பதில்லை.

க்ரீயை ‘விண்ட்1’ மரபணுவின் கட்டுப்பாட்டில் வைத்தால் நரம்புக்குழாயின் மேல்விளிம்பு குறிபெறும். அங்கிருந்து கிளம்பும் நரம்பு முகட்டுச் செல்கள் போய்ச்சேரும் இடங்களைப் பாருங்கள்: குடலின் நரம்பு வலை, நரம்பிழைகளைப் போர்த்தும் ஷ்வான் செல்கள், முக எலும்புகள், பல்லின் உட்கூழ்கூட!

குறையும் உண்டு. இப்படி க்ரீயை விண்ட்1 கட்டுப்பாட்டில் வைத்த எலிகளின் நடுமூளையில் விண்ட்1 அளவுக்கு மீறிச் சுரப்பது தெரியவந்தது. 2013இல் அதைத் தவிர்க்கும் புதிய எலி வகையே உருவாக்கப்பட்டது.